புளியரைச் சாவடி

செங்கோட்டை போகிற கேரளா பஸ்ஸில்
ஜன்னலோரம் நான்.
மடியில் துணிக்கடைப் பை,
பைக்குள் பாலிதீன்,
பாலிதீனுக்குள் வெள்ளைத் துணி,
துணிக்குள்
முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே தொடங்குகிற
என் வீட்டுக்காரரின் இடது கால்.

எடை தெரியாமல் கைநீட்டி வாங்கிவிட்டேன்.
மூட்டை சுமந்த கால் அல்லவா,
கனத்தது.

முதலில் நடையில்தான் தெரிந்தது.
ஆரியங்காவில் தக்காளி லாரி இறக்கும்போது
இருபது பெட்டிக்கு ஒருதரம் உட்கார்ந்தார்.
பிறகு பத்துக்கு. பிறகு ஐந்துக்கு.
சோம்பேறி என்றான் மேஸ்திரி.
நானும் ஒருநாள் சொன்னேன்.
ராத்திரி கட்டிலில் படுத்து
அந்தக் காலை மட்டும் கீழே தொங்கப் போட்டிருப்பார்.
தொங்கினால்தான் வலி கொஞ்சம் இறங்குமாம்.

பெருவிரல் வெளுத்தது.
நீலம் பாரித்தது.
ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால்
தண்ணீர் தெளிக்க மறந்த பீடியிலை மாதிரி
கருத்து, மொரமொரவென்று.
கிள்ளினேன்.
எப்போ கிள்ளினே என்றார்.

கொல்லத்துப் பெரியாஸ்பத்திரியில்
சின்ன வயசு டாக்டரம்மா
“சோர எத்துந்நில்ல” என்றாள்.
ஆமாம்மா, ரொம்பச் சோர்ந்துதான் போயிட்டாரு என்றேன்.
நர்ஸ் சிரிக்காமல் திருத்தினாள்:
சோர என்றால் ரத்தம்.
ரத்தம் பாதம்வரை போய்ச் சேரவில்லை.
குழாயின் கழுத்தில் யாரோ
நூல் கட்டி இறுக்கினாற்போல் இருக்கிறது.
பீடியால் வருவது.

யார் சுற்றின பீடி என்று
அவள் கேட்கவில்லை.

நாளுக்கு ஆயிரம் சுற்றுவேன்.
கம்பெனிக்காரன் தள்ளுபடி செய்வது
நாற்பது, ஐம்பது வரும்.
வீணாய்ப் போவானேன் என்று
அவர் சட்டைப்பையில் நானே போடுவேன்.
பத்தொன்பது வருஷம்.
என் அம்மா வீட்டுச் சீரில் ஆயிரம் குறை சொன்ன மனுஷர்
இதில் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

புளியரையில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக் குப்பையை
இந்தப் பக்கம் கொண்டுவந்து கொட்டுகிறார்களாம்.
மீசை அரும்பின போலீஸ்காரர் ஏறி வந்தார்.
பையில் என்ன?
கால்.
ஆட்டுக்காலா?
எங்க வீட்டுக்காரர் கால்.

சீட்டைக் காட்டினேன். மலையாளம்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பேர் என்ன?
சேகனா மைதீன், நாற்பத்துமூணு வயசு,
வடகரை.
கேரளாவிலிருந்து இப்படியெல்லாம் கொண்டுவரக் கூடாதும்மா.
இங்கேயிருந்து போனதுதான் சார்,
திரும்பி வருது.

டிரைவருக்குக் கைகாட்டிவிட்டு
கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இறங்கினார்.
பையை அவர் தொடவே இல்லை.

மையவாடிக்குள் பொம்பளை போவதில்லை.
கேட்டுக்கு வெளியே நின்று
மோதினாரிடம் கொடுத்தேன்.
எங்கே தோண்ட என்றார்.
அவுங்க வாப்பா பக்கத்துல,
வலப்பக்கம் இடம் விட்டு.
பஸ்ஸில் துண்டு போட்டு
இடம் பிடித்து வைப்பதுபோல
கால் முன்னால் போய்க் கிடக்கிறது.

ராத்திரி கொழுந்தன் போன் போட்டுக் கொடுத்தான்.
மயக்கம் தெளியாத குரல்:
“சுண்டுவிரல் அரிக்குது புள்ள,
கொஞ்சம் சொறிஞ்சு விடேன்.”
வலது காலையா சொல்றீங்க?
“இல்ல. இடது.”
எங்கே சொறிய?
சரி, தூங்குங்க என்றேன்.

சனிக்கிழமை கணக்குக்கு
இன்னும் அறுநூறு பாக்கி.
பை இருந்த அதே மடியில்
தட்டை எடுத்து வைத்தேன்.
இலை, தூள், சுருட்டு, மடக்கு,
கழுத்தில் நூல் ரெண்டு சுற்று,
இறுக்குகிற இடத்தில்
கை நின்றது.

வெளியே மலையிறங்குகிற லாரிகளின் சத்தம்.
ஒன்று, இரண்டு, மூன்று
எண்ணினேன்.

நின்றால் அறுநூறு எப்போ முடியும்.

இறுக்கினேன்.