ஒட்டுசுட்டானுக்குப் பதினொரு கிலோமீற்றர்

மைத்துனர் கமலரஞ்சன் ரொறன்ரோவிலிருந்து
ஒரு செம்மஞ்சள் பை கொண்டுவந்தார்.
"காட்டு றோட்டில ஓடுறனி, வைச்சிரு."
வெள்ளித்தாள் போர்வை. திசைகாட்டி. விசில்.
எட்டாய் மடித்த ஒரு தாள்.

இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.
அங்கே முன்னமே கிடந்தவை:
ஐந்து லீற்றர் கானில் தண்ணீர்,
பிடி உடைந்த மண்வெட்டி, ரியூப் துண்டுகள்,
டீசல் தாங்கி கசிந்தால் பூச
அரைக்கட்டிச் சவர்க்காரம்,
வாகனம் கைவிட்டால் நடக்க
ஒரு சோடி பழைய செருப்பு.

கார்த்திகைக் கடைசி.
பின்னால் தொண்ணூறு தட்டு முட்டை.
நெடுங்கேணி கழிந்து
மதகுக்கு மேலால் தண்ணீர் போனது,
அவசரமில்லாமல், தன் வீட்டு முற்றத்தில் போவதுபோல.
பின்னெடுத்தேன். இடப்பக்கச் சில்லு
சேற்றில் இருந்துகொண்டது.

போனில் ஒரு கோடும் இல்லை.
பசி.
இரண்டாயிரத்து எழுநூறு முட்டைக்கு நடுவே
நெருப்புப்பெட்டி இல்லாத பசி.

தாளை விரித்து டோர்ச் பிடித்தேன்.
வாகனத்தை விட்டு விலகாதே, என்றது.
புதுக்குடியிருப்பில்
திறப்பும் கழற்றாமல் விட்டுவந்த உழவு இயந்திரம்
ஒருகணம் கண்ணுக்குள் நின்றது.
சரி, விலகவில்லை.
றோட்டுக்கு இரண்டு பக்கமும்
எந்த மண் துப்புரவாக்கியது, எது இல்லை என்று
இருட்டில் யாரைக் கேட்பது?

அடுத்த வரி:
உன் இருப்பைத் தெரியப்படுத்து.
வெளிச்சம் காட்டு. மூன்று முறை விசிலடி.

டோர்ச் அணைந்தது.
நான் அணைக்கவில்லை, கை அணைத்தது.
இருமலையும் உள்ளங்கைக்குள் இருமிப்
பழகிய கை.

பிறகு மழை. தவளை.
எங்கோ ஒரு பெரிய உடம்பு
பாலைக் கொப்பை முறித்துத் தின்னும் ஓசை,
நிதானமாக, விடியுமட்டும்.

விடிந்தது.
தண்ணீருக்கு அந்தப் பக்கம், வளைவில்,
வீரை மரத்தடியில் ஒரு பற்றை அசைந்தது.
பற்றைக்குள்ளிருந்து ஒரு மனிதர்.
பற்றை இல்லை அது,
பாண் விற்கிற ஓட்டோ.
கூரையெல்லாம் குழை முறித்துப் போட்டிருந்தார்.
ஊரூராய்ப் பாட்டுப் போட்டுக்கொண்டு திரிகிற வண்டி
இரவு முழுக்க வாய்திறக்காமல்
எனக்கு நாற்பது யார் தள்ளி இருந்திருக்கிறது.

"உங்கட லைற் கண்டனான்," என்று கத்தினார்.
"ஆரெண்டு தெரியேல்ல.
பேசாமல் இருந்திட்டன்."

நானும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வரவில்லை.
பல்லுக்கு நடுவில் விசில்.
எப்போது எடுத்து வைத்தேனோ,
பிளாஸ்ரிக்கில் பல் பதிந்திருந்தது.

கையில் எடுத்துத் துடைத்தேன்.
அவர் குழைகளை ஒவ்வொன்றாய் இழுத்துப் போட்டார்.
"பாண் இருக்கு," என்றார்,
"நேற்றையான்.
நெருப்புப்பெட்டியும் இருக்கு.
தண்ணி வடியட்டும்."