அனுப்புநர் 213

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிர்வரிசை ஜெராக்ஸ் கடையில்
நான் எழுதிய கோப்பு மேலாளர் ஓடுகிறது,
மூச்சு வாங்கும் ஒரு பழைய கணினியில்.
திங்கட்கிழமை. குறைதீர் நாள்.
பெரியநாயகிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு
வாயே திறப்பதில்லை என்ற சத்தியத்தோடு உட்கார்ந்தேன்.

மனு ஒன்றுக்கு முப்பது ரூபாய்.
அடித்து முடித்ததும்
என்ன பெயர் வைக்க என்று கணினி கேட்கிறது,
முதல் வரியைத் தானே எடுத்து நீட்டுகிறது.
மனுக்களுக்கு முதல் வரி ஒன்றுதான்.
என்டர் தட்டுகிறாள்.
அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதாம்.
பின்னால் ஓர் எண்ணைச் சேர்க்கிறாள்.
அனுப்புநர் 211
அனுப்புநர் 212
அனுப்புநர் 213

ஐகானுக்கு அடியில் இடம் போதாதென்று
பெயரின் வாலை வெட்டி மூன்று புள்ளி வைத்தவன் நான்.
புள்ளிகளுக்குள் எண்களும் விழுந்துவிட்டன.
இப்போது திரை முழுக்க
ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

தேவனாம்பட்டினத்து அஞ்சாபுலி வந்தார்.
"ஐப்பசியில அடிச்சோமே, வலை போனதுக்கு,
தேதிய மட்டும் மாத்திக் குடும்மா."
திறந்தாள். மூடினாள்.
திறந்தாள், மூடினாள்.
தேடல் கட்டம் இருக்கிறதே என்று
நாக்கு நுனிவரை வந்தது.
அது கோப்பின் பெயரில் மட்டும்தான் தேடும்,
உள்ளே எட்டிப் பார்க்காது.
அதுவும் என் கைங்கரியமே.
நாற்பத்தோராவது கோப்பில் அகப்பட்டார் அஞ்சாபுலி.
அதுவரை அவள் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.
என் நோட்டில் எழுதினேன்:
நாற்பத்தொன்று. அடிக்கோடு. இன்னோர் அடிக்கோடு.

திருப்பாதிரிப்புலியூர் லாட்ஜில் அன்றிரவு கொசுவும் நானும்.
காட்டலாமென்று கொண்டுவந்த வளைந்த மூலைகளை,
புது நீலத்தை,
மூன்று மாதம் சண்டை போட்டு ஜெயித்த பட்டன்களைத்
தூக்கி ஓரமாக வைத்தேன்.
ஒரே ஒரு காரியம்:
ஒவ்வொரு கோப்புக்கு அடியிலும்
மனுவின் இரண்டாவது வரி தெரிய வேண்டும்.
விடிவதற்குள் தெரிந்தது.

அடுத்த திங்கள்.
ஃபோல்டரைத் திறந்தாள்.
கோ. அஞ்சாபுலி
க. கொளஞ்சி
ஜா. ரஹமத் பீவி
இ. சூசையம்மாள்
வே. பதஞ்சலி, ஓய்வுபெற்ற நடத்துநர்
வரிசை வரிசையாக எழுந்து நின்றது
கடலூர் ஜில்லாவில் பாதி.

நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன்,
சாப்பிட்டவர் முகத்தைச் சமைத்தவன் பார்ப்பதுபோல.
அவள் கை போய்
மானிட்டரை ஒரு சாண் சுவர்ப்பக்கம் திருப்பியது.

"எதிர்ல உட்கார்றவங்க படிப்பாங்க சார்.
கொளஞ்சி யார் மேல மனு குடுத்தாரோ
அவரும் இங்கதான் வந்து அடிக்கிறாரு,
இதே ஸ்டூல்லதான் உட்கார்றாரு.
எல்லாம் ஒரே பேரா கெடந்தப்ப
யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

நாற்பத்தொன்றைச் சிரமம் என்று குறித்திருந்தேன்.
அது திரைச்சீலை.
அதைத்தான்
இரவு முழுக்கக் கண்விழித்துக் கிழித்திருக்கிறேன்.

"கெட்டதுன்னு சொல்லல,"
என்றாள், என் மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டும்.
"எனக்குத் தெரியணும். எனக்கு மட்டும்.
அப்படி வருமா?"

டீ ஆறும்வரை அடித்தேன்.
மௌஸ் நிற்கும் இடத்தில் மட்டும்
இரண்டாவது வரி. நகர்ந்தால் இல்லை.

ஓட்டிப் பார்த்தாள்.
ஒரு பெயர் எரிந்து அணைய, அடுத்தது எரிந்தது,
கரண்ட் வந்து வந்து போகும் தெருவைப்போல.
எண்பத்தெட்டாவதில் மட்டும்
நிற்காமல் தாண்டிப் போனாள்.
நான் நோட்டுக்குள் குனிந்திருந்தேன்.

"அடுத்து யாரு?" என்றாள் வாசலைப் பார்த்து.