எட்டாவது கூட்டம், தோவாளை

பத்து மணிக்கு என்று போட்டிருந்தேன்.
பதினொன்றேகாலுக்கு வனத்துறை வந்தது.
அதற்கும் பின்னால் காற்றாலைக் கம்பெனி,
கையில் ஒரு டப்பா முந்திரிக்கொத்து.
கீழே பூச்சந்தை கலைந்து
மிதிபட்ட கேந்தியின் வாடை மாடி வரை ஏறியிருந்தது.
வருகைப் பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டேன்.
என் உத்தியோகமே அதுதான்:
ஒருவரையொருவர் நம்பாதவர்களிடம்
ஒரே பேனாவைக் கைமாற்றுவது.

மேசைமேல் நான்கு வரைபடங்கள்.
காட்டெல்லை பச்சையில்,
சர்வே எண்கள் கறுப்பில்,
காற்றாடிகள் சிவப்புப் புள்ளிகளாக,
செயற்கைக்கோள் பார்த்தது தவிட்டு நிறத்தில்.
ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கி ஜன்னலோரம் பிடித்தால்
ஆரல்வாய்மொழிக் கணவாய் நான்கு இடத்தில் இருக்கிறது.
அந்த இடைவெளியில்
யார் கணக்கிலும் ஏறாமல் கிடக்கிறது
மலையடி வரைக்கும் ஒரு மேய்ச்சல்.

மெர்லின் ஷைலா தன் மூன்று வருடத்தைத் திறந்தார்.
மீட்டருக்கு மீட்டர் சதுரம், மொத்தம் அறுபது.
முப்பதுக்கு வேலி, முப்பதுக்கு இல்லை.
கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல்,
பெயர் தெரியாததற்கு ஒரு எண்.
இருபத்தேழாம் சதுரத்துக்கு வந்ததும் குரல் மாறியது.
"வேலியை யாரோ பிரிச்சிருக்காங்க."

பின்வரிசையில் இசக்கியப்பன் எழுந்தான்.
முப்பத்தொரு வயது, நூற்றுப்பத்து ஆடு.
"யாரோ இல்ல மேடம், நாந்தான்.
மாசியில, குட்டி ஒண்ணு கம்பியில மாட்டிட்டு.
கெடந்து கதறிட்டு."

முந்திரிக்கொத்து கடிபடும் சத்தம் மட்டும்.

"அன்னைக்கு எத்தன ஆடு உள்ள போச்சு?"
"பதினாலு."
"எவ்வளவு நேரம்?"
"ஒரு பீடி நேரம்."

குனிந்து எழுதிக்கொண்டார்:
இருபத்தேழு. மாசி. பதினாலு. ஒரு பீடி.
அவர் அட்டவணையில் அதுவரை
மேய்ச்சலுக்கென்று ஒரு கட்டம் இல்லை.

பிறகு படங்கள்.
வேலிக்குள்ளே, மூன்றாம் வருடம்,
புல்லின் கழுத்தைப் பிடித்தபடி உன்னிச்செடி.
வேலிக்கு வெளியே, ஓடைப் பக்கம்,
வெறும் மண், குளம்புத் தடம்.
அந்தப் படத்தைத்தான் இசக்கியப்பன் ரொம்ப நேரம் பார்த்தான்.
"இங்க எத்தன மாசம் விடணும், மேடம்?"
"தெரியாது" என்றார் ஷைலா.
தீர்மானம் மூன்று என்று
அதை அப்படியே பதிந்தேன்:
தெரியாது. இருவரும் சேர்ந்து பார்ப்பது.

அப்போது கம்பெனியின் ஜெயராபின்
ஒரு லட்சம் மரக்கன்று தருவதாக எழுந்து நின்றார்.
பழக்கதோஷம், பாதிப்பேர் கைதட்டினார்கள்.
மரம் வேண்டாம் என்பது எவ்வளவு சங்கடம்,
பந்தியில் ஊற்ற வந்த பிரதமனை
இலை மூடி மறுப்பதுபோல.
மறுத்தேன்.
கன்றுக்குப் பதிலாக
கோபுரங்களின் காலடியில் சீமைக்கருவேலம் எடுப்பது,
காற்றின் வேகக் கணக்கைக் கல்லூரிக்குக் கொடுப்பது.
தலைமையிடம் கேட்க வேண்டும் என்றார்.
கேட்கிறாரா என்று நான் வாரம் ஒருமுறை கேட்க வேண்டும்.

கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் தாணுலிங்கம்
பதிவேட்டைத் திறந்து காட்டினார்.
அத்தனை சர்வே எண்ணுக்கும் நேரே ஒரே சொல்:
தரிசு.
வானம்பாடி தரையில் முட்டையிடும் இடம், தரிசு.
"உத்தரவு இல்லாம மாத்த முடியாது, பாத்துக்கிடுங்க."
ஷைலா வாதாடினார். வனத்துறை இருமியது.
இசக்கியப்பன் ஒன்றும் பேசாமல்
தன் சட்டைப்பையிலிருந்து
ஆட்டுக்கணக்கு எழுதும் பென்சில் துண்டை நீட்டினான்.

அழிக்கலாம் என்பதால்தான் வாங்கினார்.
மைச்சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்தில்,
சின்னதாக எழுதினார்: புல்.

அடுத்த கூட்டம் ஆடியில் வேண்டாமாம்,
காற்றில் ஒரு காகிதம் நிற்காது.
வைகாசி கடைசி என்று குறித்திருக்கிறேன்.
அதுவரை அந்தச் சொல் இருக்க வேண்டும்.
ரப்பர் விளைகிற மாவட்டம் இது.
கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.