உப்பு கச்சிதம்

என் சமையலறையில் மூன்று விளக்குகளை நட்டார்கள்.
நாலாவதுக்கு இடமில்லாமல்
அரிசி டிரம்மையும் உப்பு ஜாடியையும்
கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள்.

ஞாயிறு காலைச் சமையல் நிகழ்ச்சி.
வண்ணாரப்பாளையத்தில் இத்தனை வீடு இருக்க
எழுதிப்போட்டு வரவழைத்தவர்
என் வீட்டுக்காரர் குணபாலன்,
மீனை விட்டு ஒன்றரை மாதம் ஆன மனிதர்.

அவர் கதை தனி.
மாசியில் காப்பியில் வெண்ணெய் மிதந்தது.
பங்குனியில் அரிசி விஷமானது.
சித்திரைக்கு வரகு. வைகாசியில் வரகும் தப்பு,
காலிஃபிளவரைத் துருவி
அதற்குச் சோறு என்று பெயர் வைத்தோம்.
ஆனியில் மீன் குடலை வீங்க வைக்குமென்று
யாரோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சொன்னார்.
சப்ஜா விதை நாட்டுமருந்துக் கடையில் முப்பது ரூபாய்.
அதன் தூரத்துச் சொந்தம் சியா
அட்டைப்பெட்டியில் ஏறி வந்தால் அறுநூறு.
ஊறினால் இரண்டும் தவளை முட்டைதான்.

"பதினாறு மணி நேரமா ஒண்ணும் சாப்பிடலை"
என்பார், பதக்கம் வாங்கினவர் மாதிரி.
நான் மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள்.
காலை ஏழு மணி வரிசையில்
கை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்,
கடைசியா எப்ப சாப்பிட்டீங்க.
சிலர் விரலை மடக்கி மடக்கி எண்ணுவார்கள்.
அதை யாரும் படம் எடுப்பதில்லை.
சரி, விடுங்கள்.

தேவனாம்பட்டினத்து அஞ்சலாட்சி
கானாங்கெளுத்தி நல்லா இருக்கு, எடுத்துக்கோ என்றாள்.
கானாங்கெளுத்தி கேமராவில் கறுக்குமாம்.
வஞ்சிரமே வேண்டுமாம், அதுவும் வால் இல்லாமல்.
என் இண்டாலியம் சட்டியைப் பார்த்து
ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள்.
வேனிலிருந்து மண்சட்டி ஒன்று இறங்கியது,
அடியில் விலை ஒட்டியபடி. நூற்றெண்பது.
"இதுதான் எங்க பாரம்பரியம்னு சொல்லுங்க மேடம்."
சொன்னேன். நாலு தடவை.

கேஸ் சத்தம் மைக்கில் விழுகிறதென்று அடுப்பை அணைத்தார்கள்.
ஆவி வேண்டுமென்று
சட்டிக்குப் பின்னால் சாம்பிராணி வைத்தார்கள்.
மீன் துண்டுக்குத் தூரிகையால் எண்ணெய் பூசினான் ஒரு பையன்,
பொம்மைக்கு மை தீட்டுவது போல.
நடுவில் யாரோ என் நெற்றியில் பவுடர் ஒற்றினார்கள்.
அந்த நேரத்தில்தான்
நான் எதையோ மறந்தேன்.

தொகுப்பாளினி நிவேதிகா கரண்டியைத் தூக்கினாள்.
உதட்டைத் தொடுவதற்கு முன்பே கண் மூடிவிட்டது.
"ம்ம்ம்ம்ம்."
இன்னொரு கோணம் வேண்டுமாம். "ம்ம்ம்ம்ம்."
குளோசப். "ம்ம்ம்ம்ம்!
உப்பு, புளி, காரம், மூணும் கச்சிதம்!"

உப்பு ஜாடி கூடத்தில்
அரிசி டிரம்மின் மேல்
மூடி திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

சொல்லியிருக்கலாம்.
வாசல்வரை வந்துவிட்டது வார்த்தை.
குணபாலன் கை தட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் புரோட்டா சாப்பிட
செம்மண்டலம் பக்கம் போய்விட்டார்கள்.
ஒயர் சுற்ற ஒருவன் மட்டும் பின்தங்கினான்,
எண்ணெய் பூசின அதே பையன். பெயர் கலைவேந்தன்.
"அக்கா, இதைக் கொட்டிருவீங்களா?" என்றான்.
உப்புப் போட்டு, சாம்பிராணிச் சாம்பலை ஒதுக்கி,
இண்டாலியத்துக்கு மாற்றி ஒரு கொதி விட்டேன்.
மூன்று முறை சோறு வாங்கினான்.
கண்ணை மூடவில்லை. ம்ம்ம் சொல்லவில்லை.
முள்ளைத் தட்டோரத்தில் வரிசையாக வைத்தான்.
"இன்னுங்கொஞ்சம் குழம்பு" என்றான்,
அவ்வளவுதான்.

ஒளிபரப்பான ஞாயிறு, சத்தத்தைக் கூட்டி வைத்தார் குணபாலன்,
தவளை முட்டைக் கிண்ணம் மடியில்.
"ம்ம்ம்" வந்த இடத்தில்
அவரும் கூடவே சொன்னார்.

மறுநாள் பெரிய டாக்டர் வீட்டம்மா செய்முறை கேட்டார்.
திரையில் காட்டியதை
ஒரு வரி விடாமல் எழுதிக் கொடுத்தேன்.
நன்றாக வந்ததாகச் சொல்லி அனுப்பினார்.

மண்சட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.
தண்ணீர் ஊற்றினால் கசிகிறது.
மாடியில் துணிக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன்.