காற்றாலை நிழல்

பேச்சிப்பாறையில் மரமுண்டு, அட்டையும் உண்டு.
சொத்தவிளையில் கடல்.
உப்பு வண்டியைத் தின்னும் என்றாள் டெல்பின்,
இன்னும் பதினேழு தவணை பாக்கி.

அப்படித்தான் முப்பந்தல்.
மே மாதப் பொட்டல், உடைமுள்,
அறுபது லிட்டர் தண்ணீர்.
குளியல் கணக்கில் இல்லை.

நிழலென்று இருந்தது ஒன்றுதான்:
காற்றாலைத் தூண் தரையில் கிடத்திய
வேன் அகலக் கறுப்புக் கோடு.
அதற்குள் வண்டியைச் சொருகினேன்.
கட்டஞ்சாயா கொதிக்கும்முன் நகர்ந்துவிட்டது.
நாங்களும் நகர்ந்தோம்.
பிறகும்.
பிறகும்.

உச்சியில் அது
தூணின் காலடியில் சுருண்டுகொண்டது.
கணவாய்க் காற்றுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டு
சோற்றில் மண் நறநறக்கச் சாப்பிட்டோம்.

அந்தியில் இறங்கிப் பார்த்தால்
செம்மண்ணில் எங்கள் டயர்த்தடம்
அரைவட்டம்.

'ஊரு சுத்தியாச்சுல்லா' என்றாள்,
தூணைத் தட்டி.