கொடுப்புப் பல்லு

மார்க்கம் வீதியில் இரவு ஒன்பதரைக்குப் பிறகு
பல் வைத்தியசாலைத் திறப்பு என்னிடம்தான்.
சப்பாத்துப் பனியை வாசலில் உதறிவிட்டு
முதலில் குப்பை வாளி,
பிறகு கழிவறை,
கடைசியில் அந்த நாற்காலி.

அதைத் துடைக்கும்போதுதான் குத்தும்.
இடப்பக்கம், கீழே, கடைசிக்கு முந்தினது.
சுவரில் தொங்கும் படத்தில் அதற்கு எண்கூட உண்டு:
முப்பத்தாறு.
ஏஜென்சியில் என்னைக் கூப்பிடுவதும் ஓர் எண்ணால்தான்.

வரவேற்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில்
விலைப்பட்டியல் கிடக்கும்.
வேர்ச் சிகிச்சை ஆயிரத்து நானூறு.
பிடுங்க இருநூற்றி முப்பது.
எனக்கு இங்கே இரண்டு மணித்தியாலம்,
மணிக்குப் பதினாலு டொலர்.
ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான்,
பேப்பர் தேவையில்லை:
வரி பிடிக்காமல், வாடகை கொடுக்காமல், பஸ் ஏறாமல்
ஐம்பது இரவு இந்த நாற்காலியைத் துடைத்தால்
ஒரு முறை இதில் படுக்கலாம்.

மாசியில் கன்னம் வீங்கி எமர்ஜென்சிக்குப் போனேன்.
ஆறு மணித்தியாலம் இருந்தேன்.
இளம் டொக்டர், நல்ல பிள்ளை,
டோர்ச் அடித்துப் பார்த்து
"இது பல்லு" என்றார்,
வீடு மாறிக் கதவைத் தட்டியவளிடம் சொல்வதுபோல.
காது வலித்தால் ஹெல்த் கார்ட் செல்லும்.
தொண்டைக்கும் செல்லும்.
இரண்டுக்கும் நடுவில்
முப்பத்திரண்டு பேர் விசா இல்லாமல் நிற்கிறார்கள்.

இங்கே வேலை செய்யும் டொக்டர் ஹாலோரனை
நான் கண்டதில்லை.
மஞ்சள் தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போவார்:
நன்றி, மேசைக்குக் கீழேயும் கூட்டவும்.
பக்கத்தில் ஒரு சிரித்த முகம்.
பல்லெல்லாம் வரிசையாகப் போட்டிருப்பார்,
ஒன்று குறையாமல்.

நேற்று வலி கண்ணுக்குள் ஏறியது.
மொப்பைச் சுவரில் சாத்திவிட்டுப்
படுத்தேன்.
விளக்குப் போடவில்லை.
முதுகுக்குக் கீழே பிளாஸ்ரிக் உறை சரசரத்தது.
நோயாளிகள் பார்க்கவென்று மேலே ஒட்டிய கடற்கரை
இருட்டில் வெறும் கூரை.
யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தேன்.
எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது.
ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி ஓய்ந்தது.
எழும்பி,
நான் கிடந்த இடத்தை
இரண்டு தரம் துடைத்தேன்.

பயம் ஒன்றுதான்.
ஒரு கிழமையாகக் கொடுப்பில் கராம்பு அடக்கியிருக்கிறேன்.
காலையில் யாராவது மோப்பம் பிடித்தால்?
கிளீனர் எங்கே தலை வைத்தாள் என்று
அந்த உறையே சொல்லிவிடுமே.

கதவடியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன்.
பிடிக்க மாட்டார்கள்.
அவர்களின் மருந்திலும் கராம்பு எண்ணெய்தான்.
பணம் கட்டியவர்களின் பல்லுக்குள்
அவர்கள் அடைத்து அனுப்புவதும் அதுதான்.
கட்டடம் முழுக்க என் வாய் மணக்கிறது.

அலாரத்தைப் போட்டேன்.
பதினொன்று நாற்பதுக்குப் பஸ்.