ஒரு முழம்

திருச்செந்தூர் பாசஞ்சர்
தாதன்குளத்தில் நாலு நிமிஷம் தாமதம்.
நோட்டில் குறித்துக்கொண்டேன்.
"ரயில்வேயில வேலையா?" என்றார் எதிர் சீட்டுக்காரர்.
"இல்லை, வண்டி பார்க்க வந்தேன்."
நாசரேத் வரை
அவர் பேசவில்லை.

குலசேகரன்பட்டினத்தில்
கடலோரம் ஓடிய சின்ன ரயிலுக்கு
இப்போது ஸ்டேஷனும் இல்லை, பாதையும் இல்லை.
தேரி மணலில் செருப்புப் புதைய
மதியம் முழுக்கத் தேடியதில்
மைமூன் வீட்டுக் கொல்லையில்
மண்ணுக்கு மேலே ஒரு முழம் தண்டவாளம்,
ஆடு கட்ட.

டேப்பை வைத்து அளந்தேன்.
"இரும்பு எடுக்கவா வந்திய?
தர மாட்டேன். ஆடு எங்க நிக்கும்?"

நியாயம்தான்.
துருப் படிந்த விரலோடு நிமிர்கிறேன்,
பையில் செருகியிருந்த ரிட்டர்ன் டிக்கெட்டை
மென்றுகொண்டிருக்கிறது அது.
திருநெல்வேலி மட்டும்
இன்னும் வாய்க்கு வெளியே.